சமயமும் சமத்துவமும்: ஊவா மலைநாட்டிலிருந்து சில எண்ணங்கள்

பழைய மாணவர் சங்கத்தின் வைரவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவதென்று யாம் பலநாள் எண்ணினோம். கல்லூரியின் வரலாற்றை எழுத மூத்தோர் உளர். விளையாட்டரங்கில் அது ஈட்டிய புகழை எழுத அத்துறை வல்லார் உளர். யாமோ இக்கல்லூரியிற் கற்றுத் தமிழாசிரியராகி, ஊவா மாகாணத்தின் பதுளைப் பகுதியிலே பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். வடபுலத்துக் கல்லூரி ஒன்றின் விழா மலருக்கு ஊவா மலைகளிலிருந்து அனுப்பத்தக்க பொருள் யாதென நோக்கியபோது, இங்கு வந்த நாள் முதலாக எம்மை விடாது தொடரும் ஒரு வினாவே முன்னின்றது. அதனை இவ்விழா வேளையில் அன்பர்கள்முன் வைப்பது தகும் எனத் துணிந்தோம்.

வினா இதுதான். காலைதோறும் கல்லூரி மண்டபத்திலே தேவாரம் ஓதி நாம் பெற்ற சமய உணர்வு, மண்டபத்துக்கு வெளியே நம்மை எவ்வாறு நடக்கச் செய்கின்றது? எல்லா உயிரினுள்ளும் இறைவன் உறைகின்றான் என்று சமய பாட வினாத்தாளில் எழுதி நிறைந்த புள்ளி பெற்றவர் நம்முட் பலர். அவ்விடையை வாழ்க்கையில் எழுதிக் காட்டியவர் எத்தனை பேர்? பிறரைக் குறைகூற இவ்வினாவை எழுப்புகின்றோமல்லோம். விடையளிக்கத் தவறியவருள் யாமும் ஒருவர் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவோம்.

ஊவா என்றதும் வடபுலத்து அன்பருக்கு முதலில் நினைவில் எழுவது கதிர்காமம். ஆடி மாதத்திலே அங்குச் செல்லும் அடியார் வெள்ளத்துள் வடபுலத்தார் என்றும் பெருந்தொகையினர். கிழக்குக் கடற்கரை வழியாக நடந்தே வருவோரும் உளர். ஊர்திகளில் வருவோருட் பலர் நுவரெலியா, எல்ல முதலிய இடங்களின் எழில் கண்டு மலைப்பாதையாலே இறங்குகின்றனர். கதிர்காமத் தலத்திலே தமிழர் காவடி எடுக்கின்றனர். சிங்களவர் பூந்தட்டு ஏந்துகின்றனர். முசுலிம்களின் பள்ளிவாசலும் அவ்வளாகத்திலேயே உளது. வேடுவர் தம் குலமகளை மணந்த மருமகனாக முருகனைப் போற்றுகின்றனர். குலத்தாலும் இனத்தாலும் வேறான வள்ளியைத் தேடிவந்து மணந்த கடவுளை வணங்குவோர் நாம். அக்கடவுளின் வழியிலே செல்லும் நாம், பாதையின் இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டு வியக்கின்றோம். அம்மலைகளின் மடிப்புகளிலே தகரக் கூரையோடு நீண்டு கிடக்கும் வரிசை வீடுகளிலே வாழ்வோர் யார் என்று கேட்பவர் சிலரே.

அவ்வரிசை வீடுகளை அம்மக்கள் லயன் என்பர். அதன் அறை ஒன்று காம்பரா எனப்படும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓர் அறையும் அதன்முன் ஓர் இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகம். பெற்றோரும் மணமான மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அதனுள்ளே வாழ்வதை இன்றும் காணலாம். கோப்பிக் காலத்திலே தொடங்கி, 1860-களின் பிற்பகுதியிலே தேயிலை வேரூன்றி, 1924-இல் இருப்புப்பாதை பதுளைவரை வந்து சேர்ந்த காலமெல்லாம் இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர் இவர்களே. இன்று லயன்களில் வாழ்வோர் எல்லாரும் கொழுந்து பறிப்பவர் அல்லர். இளைஞர் பலர் கொழும்புக் கடைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைக்கின்றனர். ஆயினும் நிலமும் வீடும் பலருக்கு இன்னும் சொந்தமாகவில்லை. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் காலையிலே கொஸ்லாந்தைக்கு அணித்தான மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் பெயர்தல் வேண்டும் என முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்ல அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை.

யாம் இங்கு வந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். எம் வகுப்பிற் கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் பல நாளாக வரவில்லை. ஆசிரியப் பயிற்சியிலே, மாணவனின் இல்லச் சூழலை அறிந்தே கற்பித்தல் தொடங்குக எனப் படித்துச் சான்றிதழும் பெற்றிருந்தோம். ஆயின் ஒரு லயன் காம்பராவினுள் அதுவரை கால்வைத்ததில்லை. ஒரு சனிக்கிழமை அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். பாதை முடிந்த இடத்திலிருந்து தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு மணி நேரம் ஏறவேண்டியிருந்தது. தாய் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். எம்மைக் கண்டதும் பதறினார். அண்டை வீட்டிலிருந்து நாற்காலி ஒன்று வந்தது. பின் மகனின் காதிலே ஏதோ சொல்லி அவனை ஓடவிட்டார். அவன் மீள நெடுநேரமாயிற்று. அதன்பின் சாயத்தண்ணீர் வந்தது. அது வந்த கண்ணாடித் தம்ளரின் அடியிலே கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் இருந்தது.

யாம் அச்சீட்டை நோக்குவதைக் கண்ட அவ்வம்மையார், "சார், இது புதுசுங்க. இன்னும் யாரும் வாய் வைக்கல. நீங்க நம்பிக் குடிக்கலாம்" என்றார்.

அன்பர்களே, அத்தேநீரை யாம் எவ்வாறு விழுங்கினோம் என்பதை இன்று நினைக்கினும் தொண்டை அடைக்கின்றது. அவர் வாயிட்ட பாத்திரத்தை யாம் தொடமாட்டோம் என அவ்வம்மையாருக்கு யாம் சொன்னோமல்லோம். ஆயின் யாரோ சொல்லியிருக்கின்றனர். எம்மைப் போன்ற தோற்றமும் எம்மைப் போன்ற பேச்சும் உடைய ஒருவரோ பலரோ, சொல்லாலோ முகக்குறிப்பாலோ அதை அவருக்குக் கற்பித்திருக்கின்றனர். ஒரு நாட் கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்து அவர் வாங்கியது தம்ளர் அன்று, தமக்கு வரக்கூடிய அவமதிப்பிலிருந்து ஒரு காப்பு.

இதனை யார் தொடக்கினர் என ஆராய்ந்தால், வெள்ளைத் துரைமார்மீது மட்டும் பழிபோடல் இயலாது. கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த காலத்திலேயே சாதியும் உடன் கப்பலேறியது. இன்ன சாதியார்க்கு இன்ன லயன் என ஒதுக்கிய தோட்டங்கள் பல. துரைமாருக்கு அது வேலை வாங்குவதற்கு எளிதாயிருந்தது. நம்மவர் சிலருக்கோ அது சமய ஒழுக்கமாகவே தோன்றியது. வடபுலத்திலே நாம் செய்தது அதனினும் பெரிது. தாழ்ந்தோர் என நாம் ஒதுக்கியோர்க்குச் சிரட்டையிலே தேநீர் ஊற்றினோம். அவர்தம் பிள்ளைகளைப் பாடசாலையிலே நிலத்தில் இருத்தினோம். எல்லாரும் ஒரே வாங்கில் அமர்தல் வேண்டும் எனச் சமாசன விதி 1929-1930-இல் வந்தபோது, அதனை ஏற்ற சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன்பின் பதினோராண்டு கழிந்து, 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே விடுமாறு அடியார் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. கடவுளைக் காண வந்தவரைக் கடவுளின் பெயராலேயே தடுத்தனர்.

ஆயின் நம் சமயம் இதையா கற்பித்தது? சிவாலயத்தின் திருச்சுற்றிலே வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரை நோக்குக. அவர்களுள் வேடர் உளர். மீன்பிடித்தவர் உளர். மண்பாண்டம் வனைந்தவர் உளர். ஆடை வெளுத்தவர் உளர். ஊர்ப்புறத்துச் சேரியிலிருந்து தில்லையை நினைந்து உருகிய நந்தனாரும் உளர். அனைவருக்கும் ஒரே கல், ஒரே உயரம், ஒரே தீபம். சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறொன்று எமக்கு அடிக்கடி நினைவில் வரும். ஞானசம்பந்தர் சாத்தமங்கைக்கு எழுந்தருளி, அந்தணராகிய திருநீலநக்கர் மனையில் விருந்தினராகத் தங்கினார். உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இரவு தங்க இடந்தருமாறு கேட்டார். பாணர் அக்காலத்திலே ஒதுக்கப்பட்ட குலத்தினர். நீலநக்கரோ, நாடோறும் தீ வளர்க்கும் வேதியின் அருகிலேயே அவர்களுக்கு இடந்தந்தார். தீ அணையவில்லை. வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது. அவர் பாணரைத் திண்ணையில் இருத்தவுமில்லை, அவருக்கெனத் தனிப் பாத்திரம் தேடவுமில்லை. தம் இல்லத்தின் தூய்மையான இடத்தையே கொடுத்தார். இவ்வரலாற்றைக் குருபூசை நாளிற் கேட்டுத் தலையசைக்கும் நாம், அதனைக் கதை என்று கேட்கின்றோமா, கட்டளை என்று கேட்கின்றோமா?

1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். அச்சுற்றுலாவிலே பதுளைக்கும் வந்தார், யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். யாழ்ப்பாணத்தில் அவரை வரவேற்றவருள் முன்னின்றோர் இளைஞர்களாகிய மாணவர் காங்கிரசினர். அங்கே தீண்டாமையைக் களையுமாறு அவர் வேண்டினார். அப்பெருமகனாரின் கண்ணைத் திறந்தவருள் ஒருவர் தமிழ்க் கூலியாள் என்பதை நாம் மறத்தலாகாது. 1894-இல் தென்னாபிரிக்காவின் நாத்தாலிலே, ஒப்பந்தக் கூலியான பாலசுந்தரம் என்பார், துரையால் அடிபட்டுப் பல் உடைந்து குருதி ஒழுக அவரிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையிலே பிடித்திருந்தார். வெள்ளையர்முன் அவ்வாறு நிற்பது அங்கு வழக்கம். தம்மவராகிய ஒருவர்முன்னும் அவர் அவ்வாறே நின்றார். காந்தியடிகள் முதலிற் செய்தது, தலைப்பாகையை மீண்டும் அணியுமாறு கூறியதே. பிறரைத் தாழ்த்துவதில் மனிதர் எவ்வாறு பெருமை காண்கின்றனர் என்பது தமக்கு விளங்காத புதிர் என்று அவர் தம் வரலாற்றிலே எழுதினார். பாலசுந்தரத்தின் கையிலிருந்த தலைப்பாகையும் அவ்வம்மையார் வாங்கிய தம்ளரும் எமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. தாழ்த்தப்பட்டவர், தாழ்த்துவோர் கேளாமுன்னரே தாமாகத் தாழ்ந்து நிற்கும் நிலைக்கு வந்துவிடுகின்றனர். அநீதியின் முழு வெற்றி அதுவே.

இனி, நாட்டின் சட்டம் இம்மக்களுக்குச் செய்ததை நோக்குவோம். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டிலே வந்த குடியுரிமைச் சட்டமும், 1949-இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்களை நாடற்றோரும் வாக்கற்றோரும் ஆக்கின. 1949-இன் மற்றொரு சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தனர். பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவ்வேளையில் வடபுலத்துத் தலைவர் சிலர் அரசாங்கத் தரப்பிலே அமர்ந்திருந்தனர் என்பதும் வரலாறு. அதனைப் பொறாது பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களும் அவர்தம் தோழரும் 1949 டிசெம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர் என்பதும் வரலாறே. 1964 ஒக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையிலே 9,75,000 மக்கள் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்ப்பதற்கு. 1974-இல் அவ்வெச்சமும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. தாம் பிறந்த மண் எது என்று அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. பின்னர்ப் பல சட்டங்கள் வந்து, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றோர் நிலை பெரும்பாலும் நீங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள், அதாவது இரு தலைமுறை!

1948-இல் மலைநாட்டாரின் உரிமை பறிபோனபோது, அது நமக்குரிய துயரன்று என எண்ணியோர் வடபுலத்திலே பலர். எட்டாண்டு கழிந்து 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, துயர் நம் வாயிலையும் தட்டியது. ஓரினத்தாருள் எளியவர் ஒரு பகுதியினரின் சமத்துவத்தை விட்டுக்கொடுத்து, மற்றொரு பகுதியினரின் சமத்துவத்தைக் காத்தல் இயலாது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

சமய உணர்வு மெய்யாயின் அது இவ்வாறு வாளா இராது என்பதற்கு நம் முன்னோரே சான்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களைச் சைவப் பேரறிஞராக நாம் அறிவோம். திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர். கதிர்காமத்து முருக வழிபாட்டை ஆராய்ந்தவர். 1924-இல் தலயாத்திரை சென்றவிடத்து மதுரையிலே உயிர்நீத்தவர். அவரே 1919-இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்து, தோட்டத்தை நீங்கும் தொழிலாளியைச் சிறையிலிட இடந்தந்த கொடிய சட்டங்களை எதிர்த்தார். அச்சட்டங்களும், கடனோடு ஆளையும் கைமாற்றிய 'துண்டு' முறையும் 1920-களின் தொடக்கத்தில் ஒழிந்தமைக்கு அம்முயற்சி பெருந்துணை. தஞ்சையிலிருந்து வந்த அந்தணராகிய கோ. நடேசய்யர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுள் புடவை வியாபாரிபோல நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பர். அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையாரும் அம்மக்களை ஒன்றுதிரட்டுவதிலேயே வாழ்நாளைக் கழித்தனர். அருணாசலனார் சட்டத்தை மாற்றினார், நடேசய்யர் காம்பராவினுள் அமர்ந்தார். இரண்டும் தொண்டே. பெண்ணைச் சக்தி என வணங்கும் நம் நாட்டிலே, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான கூலி கிடைத்தது 1984-இலேயே. அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னரே என்பதையும் ஈண்டு நினைத்தல் நன்று.

இன சமத்துவம் பற்றியும் ஒரு சொல். ஊவாவிலே வாழ்வோர்க்குச் சிங்கள மக்கள் அயலவர். 1818-இல் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்து அழிவுற்ற கிராமங்கள் அவர்களுடையவை. 1840-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தால் காடும் சேனையும் முடிக்குரியன ஆயின. பின்னர்த் தோட்டங்களாகிய நிலங்களுட் பல அவ்வாறு கைமாறியவை. நிலம் இழந்த அவரும், நிலமே பெறாத இவரும் ஒருவரையொருவர் பகைவர் என எண்ணுமாறு செய்யப்பட்டனர். 1983 யூலையிலே பதுளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25-இல் பண்டாரவளைக்கு அணித்தான பிந்துனுவெவவில், அரசின் காவலில் இருந்த தமிழிளைஞர் இருபதின் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நீதி அவர்களுக்கு இன்னும் கிட்டவில்லை. இவற்றை மறத்தல் பொய்ம்மை. அயலவரைத் தம் வீட்டுள் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களை மறத்தலும் நன்றியின்மை. இவற்றையெல்லாம் எண்ணும்போது எமக்குத் தோன்றுவது ஒன்று. பெரும்பான்மையினரிடம் சமத்துவத்தைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமைக்குரலுக்கு வலிமை வருவது, நமக்குக் கீழே உள்ளவர் என நாம் கருதுவோர்க்கு நாம் அதனை வழங்கும்போதுதான்.

இனி, முன்னர்க் குறித்த எம் குற்றத்தைக் கூறுவோம். பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்ட ஒதுக்கீட்டு முறை இருத்தலை யாவரும் அறிவர். பதுளை, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவது. ஆதலின் இங்குத் தோற்றும் மாணவர் சில துறைகளுக்கு ஒப்பளவிற் குறைந்த புள்ளியோடும் இடம்பெறுதல் கூடும். சில ஆண்டுகளுக்குமுன் வடபுலத்து அன்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். கந்தசட்டி ஆறு நாளும் நீரருந்தாது நோற்பவர். கோயிற் றிருப்பணிக்கு வாரி வழங்குபவர். கதிர்காமம் சென்று திரும்பும் வழியிலே வந்தவர், நெற்றியில் நீறு துலங்க எம்முன் அமர்ந்து, தம் மகனை ஊவாப் பாடசாலை ஒன்றிலே பெயரளவிற் சேர்க்க வழி உண்டா எனக் கேட்டார். படிப்பு வடக்கிலே நடக்கும், பரீட்சை மட்டும் இங்கே என்றார்.

யாம் மறுத்தோம். ஆயின் எவ்வாறு மறுத்தோம்? "எமக்கு அத்தகைய செல்வாக்கு இல்லை" என்றோம். அது தவறு என்று கூறவில்லை. எவருடைய இடத்தைக் கேட்கின்றீர் என வினவவில்லை. உண்ட உபசாரம் கெடும் என அஞ்சினோம். அவர் வேறு வழி தேடிச் சென்றார். அது கைகூடியதோ இல்லையோ அறியோம். ஆயின் அன்றிரவு எம் மாணவரின் வரவுப் பதிவேட்டைத் திறந்தபோது அப்பெயர்களை நோக்க நாணினோம். ஒரு மணி நேரம் மலை இறங்கி வந்து, கணித ஆசிரியர் இல்லாத வகுப்பிலே தாமே படித்து, மாலையில் மீண்டும் மலை ஏறுபவர் அவர்கள். அவர்களுள் ஒருவனுக்குரிய இடத்தைப் பற்றியல்லவா எம் இல்லத்திலே பேச்சு நடந்தது!

இதற்கு ஆறுதலாகச் சொல்லப்படுவன சில உள. தோட்டப் பிள்ளைகள் அத்துறைகளுக்கு வருவதில்லை, இடம் வீணாகும் என்பர். அது மெய்யன்று. ஒதுக்கப்பட்ட இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. அடுத்த புள்ளி பெற்ற பிள்ளை அதற்குக் காத்திருக்கின்றது. போரால் வடபுலத்தாரும் இழந்தோமே என்பர். இழந்தோம், மிகவும் இழந்தோம். அவ்விழப்புக்கு ஈட்டை அரசிடம் கேட்டல் முறை. நம்மினும் எளியவரின் பையிலிருந்து எடுத்தல் முறையன்று. 1960-1961-இலே பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கிவிடப்பட்டன. 1977-இன் பின்னரே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன. ஓராசிரியர், ஓரறை, ஐந்து வகுப்பு என்றிருந்த நிலையிலிருந்து அவை எழுந்து நடக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கைத்தடியையா நாம் பறிப்பது?

யாது செய்தல் வேண்டும் என்று கேட்பின், பெருந்திட்டம் எதனையும் யாம் கூறவல்லோமல்லோம். எம் கண்ணுக்குத் தெரிவன நான்கே.

முதலாவது, 'தோட்டக்காட்டான்' என்னும் சொல் நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் எழாதிருத்தல். 1977-இலும் 1983-இலும் வன்செயலுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியோரின் பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளின் பக்கத்து வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் காதிலே அச்சொல் விழலாகாது. மலையகத் தமிழர் என அவர்கள் தம்மை அழைக்கின்றனர். அப்பெயராலேயே நாமும் அழைப்போம். 2023-இல் தம் முன்னோர் வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைத் தாமும் நடந்து, தம் பெயரைத் தாமே நாட்டுக்குச் சொல்லினர்.

இரண்டாவது, பிறர் மாவட்டத்தின் இடத்தை நாடோம் என நம் சங்கத்தினர் தமக்குள்ளே உறுதிகொள்ளுதல். மூன்றாவது, ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளிலே கணிதமும் விஞ்ஞானமும் உயர்தர வகுப்பிற் கற்பிக்க ஆசிரியர் அரியர். நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் மருத்துவரும் விரிவுரையாளரும் பலர். ஆண்டுக்கொருமுறை விடுமுறையிலே இரு கிழமை இங்கு வந்து கற்பிப்பின், அது ஒரு கோபுரத் திருப்பணிக்குக் குறைந்ததன்று. நான்காவது, கதிர்காமம் செல்வோர் வழியிலே ஒரு தோட்டத்தில் இறங்கி, மாரியம்மன் கோயிலில் வணங்கி, அம்மக்களோடு இருந்து உண்டு செல்லுதல். அது தருமம் செய்வதாக ஆகலாகாது, உறவு கொண்டாடுவதாக ஆதல் வேண்டும்.

அவ்வம்மையார் வீட்டுக்கு யாம் பின்னரும் பலமுறை சென்றோம். அடுத்த முறை, "அம்மா, வீட்டிலே வழக்கமாகக் குடிக்கும் கோப்பையிலேயே தாருங்கள்" எனக் கேட்டோம். அவர் உடனே நம்பவில்லை. எம் முகத்தைச் சற்றுநேரம் நோக்கி, பின்னரே அடுப்படிக்குச் சென்றார். நாம் பல தலைமுறையாகக் கற்பித்ததை அவர் ஒரு நாளில் மறக்க வேண்டும் என எதிர்பார்த்தல் பேதைமை. அந்நம்பிக்கையை ஈட்டுதல் நம் கடன்.

நம் கல்லூரியை நிறுவிய முன்னோர், சைவப் பிள்ளைகள் பிறர் வாயிலிற் காத்து நின்று கல்வி பெறும் நிலை ஒழிதல் வேண்டும் எனக் கருதியே அதனை எழுப்பினர். அதுவே அதன் அடித்தளம். இன்று வாயிலிற் காத்து நிற்பவர் யார் எனக் கேட்டு, அவர்க்குக் கதவைத் திறத்தலே அவர்தம் எண்ணத்தை நிறைவேற்றுதலாகும். எம் ஆசிரியர்கள் எமக்குத் தந்த தமிழையும் சமயத்தையும் இவ்வூவா மலைகளிலே இயன்றளவு பகிர்ந்து வருகின்றோம். அதற்கு அவர்களுக்கு எம் வணக்கம். கல்லூரி வளர்க! அதன் மாணவர் எங்கு வாழினும், அவர் அருகில் வாழும் எளியவரும் உடன் வளர்க! கந்தவேள் அருள்க!